ஏழாம் குழிக்கு ஒரு பொய்

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் கோகிலவாணி. ஐம்பத்து நான்காம் வயதில், அதே வாயால் ஒரு பொய் சொன்னால்தான் பந்து நேராகப் போகும் என்ற நிலைக்கு அவள் வந்து சேர்ந்தாள். அதற்குக் காரணம் ஒரு சட்டை.

சட்டைக்கு முன்னால் அவள் வீட்டுக்காரரைச் சொல்லியாக வேண்டும். சென்னியப்பன் கோயமுத்தூரில் பம்ப் செட் கம்பெனி நடத்தியவர். கம்பெனியை மகன் கையில் கொடுத்த பிறகு அவருக்கு மிஞ்சியது கோல்ஃப் ஒன்றுதான். நொய்யல்கரை கிளப்பில் இருபது வருஷமாக உறுப்பினர். அந்த இருபது வருஷமும் ஏழாம் குழிக்கு முன்னால் கிடக்கும் குளத்துக்குள்தான் பந்தைப் போட்டுக்கொண்டிருந்தார். கிளப்பில் அதற்குச் 'சென்னியப்பன் குட்டை' என்றே பெயர். ஒரு கோடையில் குளம் வற்றியபோது, அடியில் கிடந்த பந்துகளைச் சாக்கில் கட்டி அவருடைய பிறந்த நாளுக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். சிரித்துக்கொண்டே வாங்கி வந்தவர் அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

அவருக்கு ஸ்விங், அதாவது மட்டை வீச்சு, வராமல் இல்லை. நேற்று வந்தது இன்றைக்கு வராது, அதுதான் வியாதி. "திங்கக்கெழம மனுசனாட்ட அடிக்கறன் அம்மிணி. செவ்வாக்கெழம பாம்பு அடிக்கறவனாட்ட அடிக்கறன். நான் ஒருத்தன்தானா, உள்ள ரெண்டு பேர் இருக்கறமா?" என்பார். ஹாலில் பழகி மின்விசிறியின் ஒரு இறக்கையை வளைத்துவிட்டார். அது இன்னும் நொண்டிக்கொண்டே சுற்றுகிறது. அவர் பழகும்போது படம் எடுப்பது கோகிலவாணியின் வேலை.

"முட்டி மடங்குதா பாரு."

"மடங்குதுங்க."

"தலையத் தூக்கறனா?"

"தூக்கறீங்க."

"எல்லாத்துக்கும் ஆமா சாமி போடாத!"

இப்படி வருஷக்கணக்கில் தப்பையே பார்த்துக்கொண்டிருந்தால் சரி எது என்று யாருக்கும் தெரிந்துவிடும். ஒருநாள் அவர் கிளப்புக்குப் போன பிறகு, பரணில் கிடந்த பழைய மட்டையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். பந்து இல்லை. கையில் கிடைத்த எலுமிச்சம்பழத்தைத் தரையில் வைத்து ஒரு வீச்சு வீசினாள். பழம் மூன்று வீடு தாண்டிப் போய், பல் டாக்டர் வீட்டு மாடியில் காய்ந்துகொண்டிருந்த வடகத்தின் நடுவில் விழுந்தது. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று டாக்டர் வீட்டில் ஒரு வாரம் பூசாரி வந்து போனார்.

அந்தப் பழம் எழும்பிப் போன விதத்தைக் கோகிலவாணியால் மறக்க முடியவில்லை. கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவள் செய்த எதுவும் அவ்வளவு தூரம் போனதில்லை.

பல்லடம் ரோட்டில் ஒரு பயிற்சித் திடல் இருந்தது. தகரத் தடுப்புகள், முன்னால் ஒரு நீண்ட பொட்டல், நடுவில் ஒரு கொடி. தெரிந்தவர்கள் யாரும் அங்கே வரமாட்டார்கள். வாரம் இரண்டு நாள் யாருக்கும் தெரியாமல் போக ஆரம்பித்தாள். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. சொன்னால் முதல் நாள் பெருமைப்படுவார். இரண்டாம் நாள், இவள் குளத்தையே தாண்டுவாள் என்று தெரிந்துவிட்டால், மட்டையைப் பரணில் போட்டுவிடுவார். கம்பெனியும் இல்லாமல் மட்டையும் இல்லாமல் அந்த மனுஷர் நொண்டி விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அந்தக் காலத்தில்தான் பிடிசட்டை பரவியிருந்தது. பார்த்தால் சாதாரண உள்சட்டை. நெசவுக்குள் நரம்பு மாதிரி இழைகள் ஓடும். திடலில் அதைப் பார்த்துக்கொண்ட பெண் நிலோஃபர். கோட்டைமேட்டுக்காரி, படித்தது மருத்துவப் பொறியியல், வாய் மட்டும் மீன் மார்க்கெட்.

"ஒங்க நல்ல ஸ்விங் ஒண்ணை இது மனப்பாடம் பண்ணிக்கும்க்கா. அதுக்குப் பேரு தாய் வீச்சு. பொறவு ஒவ்வொரு தடவையும் ஒடம்பைப் புடிச்சு அதே மாதிரி அடிக்க வைக்கும். ஒரு மயிரிழை மாறாது."

"அவ்வளவுதானா?"

"ஒரே ஒரு தொல்லை. சட்டைக்குக் கை காலு மட்டும் தெரியாது. நெஞ்சு எப்படி அடிச்சுச்சு, மூச்சு எங்க நின்னுச்சு, தொண்டை எப்படி இருந்துச்சு, எல்லாத்தையும் சேத்துத்தான் பதியும். மறுபடி அந்த நெலமைக்கு வந்தாத்தான் புடிக்கும். ஒரு ஒடம்புக்கு ஒரு தடவைதான் பதியும். அதனால பதியறப்ப மனசை அமைதியா வெச்சுக்கங்க. அமைதியைத் திரும்பக் கொண்டு வர்றது சுலபம்."

அப்படி அமைதியாகப் பதியாதவர்களின் கதை கோகிலவாணிக்குத் தெரியும். வீட்டில் தினமும் அதுதான் பேச்சு. நொய்யல்கரை ஆடிட்டருக்குத் தும்மல் வரப்போகும் நொடியில் பதிந்துவிட்டது. இப்போது அவர் பொடி டப்பா இல்லாமல் மைதானத்துக்கு வருவதில்லை. வக்கீல் ஒருவருக்கு ஒன்றுக்கு வந்த அவசரத்தில் பதிந்துவிட்டது. பாவம், இரண்டு பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு முகம் சிவக்க நிற்பார். கிரானைட் முதலாளிக்கோ எதிர்வீட்டுக்காரரின் புதுக் காரில் கீறல் விழுந்த சேதி வந்த சந்தோஷத்தில் பதிந்தது. பழைய கீறல் மனசில் மங்கிப்போனதால், இன்னொரு புதுக் கார் வாங்கச் சொல்லி எதிர்வீட்டுக்காரரை அவர் கெஞ்சிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. இவர்களுக்காகக் கிளப்பில் புது விதியே போட்டார்கள். ஒவ்வோர் அடிக்கும் முன்னால் தயாராவதற்கு அரை நிமிஷம்.

"தும்மிட்டு அடிக்கறது கோல்ஃபா? நான் செத்தாலும் அந்தச் சட்டையைப் போடமாட்டன்" என்று சென்னியப்பன் சாப்பாட்டு மேசையைத் தட்டிச் சொல்லியிருந்தார்.

கோகிலவாணிக்குப் பதிய வேண்டிய நாள் வந்தது. சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றாள். "கடைசித் தடுப்புல இன்னொருத்தருக்கும் இன்னிக்குத்தான். ரெண்டையும் ஒட்டுக்கா ஓட விடறேன்" என்று நிலோஃபர் பொத்தானை அமுக்கினாள். பந்து கக்கும் இயந்திரம் கடகடத்தது. கோகிலவாணி கண்ணை மூடி, கடலை நினைத்து, மட்டையைத் தூக்கப் போனாள்.

காதில் கம்மல் ஒலித்தது. மகன் வாங்கிக் கொடுத்த கம்மல் ஃபோன். அதை அணைக்க மறந்துவிட்டாள்.

"அம்மிணி, எங்கிருக்கற?" சென்னியப்பனின் குரல்.

அவள் வாயில் முதலில் வந்து விழுந்தது கோயில்தான். "கோயில்ல இருக்கறனுங்க."

அந்தப் பக்கம் ஒரு மூச்சு நேரம் சத்தமில்லை. அவள் நெஞ்சு தொண்டைக்கு வந்துவிட்டது. பிறகு, "செரி அம்மிணி."

தொண்டை இறங்கியது, தோள் இறங்கியது, கை தானாகச் சுழன்றது. பந்து வானத்தில் கோடு கிழித்துக்கொண்டு போய்க் கொடிக்குப் பக்கத்தில் விழுந்தது. அது உருண்டு நிற்பதற்குள் வேறெங்கிருந்தோ இன்னொரு பந்து வந்து ஒரு முழம் தள்ளி விழுந்தது.

"பதிஞ்சிருச்சுக்கா! பிரமாதம்!" என்று நிலோஃபர் கைதட்டினாள்.

மறுநாள் சட்டை பிடிக்கவில்லை. ஈரத்துணி மாதிரி உடம்பில் தொங்கியது. நிலோஃபர் முந்தின நாள் பதிவின் படத்தைப் பார்த்துத் தலையைச் சொறிந்தாள். பயத்தில் பதிந்திருக்கும் என்று பின்னால் வந்து காகிதப் பையை வெடித்தாள். கோகிலவாணி மட்டையையே விட்டெறிந்தாள். கோபத்தில் பதிந்திருக்கும் என்று கோகிலவாணியின் சம்பந்தியம்மாளைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தாள். பந்து சாக்கடைக்குப் போனது.

"நேத்து என்னதான்க்கா பண்ணீங்க?"

கோகிலவாணி தயங்கித் தயங்கிச் சொன்னாள். நிலோஃபர் படத்தை மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"பாருங்க. பொய் சொன்னதும் நெஞ்சு புடிக்குது. அவரு 'செரி'ன்னதும் விடுது. விடற எடத்துல அடிச்சிருக்கீங்க. ஒங்களுக்கு வேண்டியது பொய் இல்லீங்க்கா. அவரு நம்பறது."

அவர் குரலைப் பதிவு செய்து போட்டுப் பார்த்தார்கள். உடம்பு ஏமாறவில்லை. கடைசியில் கோகிலவாணியே வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். "ஏனுங்க, சந்தையில நிக்கறன். கீரை வாங்கட்டுமா?"

"செரி அம்மிணி."

பந்து கோடு கிழித்துக்கொண்டு போனது.

அன்றிலிருந்து அவள் பிழைப்பு அதுவாயிற்று. ஒரே பொய்யை இரண்டு தரம் சொன்னால் உடம்பு சலித்துக்கொண்டது. நம்புவார் என்று நெஞ்சுக்குத் தெரிந்துவிட்டால் அது பிடிக்கவே இல்லை. நாளுக்கு நாள் புதுப் பொய் வேண்டியிருந்தது, பொய்யெல்லாம் வீடு தேடி வந்தது. கீரை என்று சொன்னதால் கீரை வாங்கிப் போகவேண்டும். கோயில் என்று சொன்னதால் மட்டைப் பையில் திருநீற்றுப் பொட்டலம் வைத்திருக்கவேண்டும். கவுண்டம்பாளையத்துப் பெரியம்மாளுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு தடவை சொல்லிவிட்டாள். சென்னியப்பன் ஒரு கூடை ஆப்பிள் அனுப்பிவைத்தார். கல்லு மாதிரி இருந்த பெரியம்மாள் ஆப்பிளைப் பார்த்து மிரண்டுபோய், "எனக்கு என்னமோன்னு உங்களுக்கெல்லாம் தெரிஞ்சிருக்குது, எங்கிட்டத்தான் மறைக்கறீங்க" என்று நிஜமாகவே படுத்துவிட்டாள். இதற்கிடையில் கோகிலவாணி எந்நேரமும் கோயிலில் இருக்கிறாள் என்ற பெயர் ஊரில் பரவி, அவளை ஒரு நாளும் மதிக்காத சம்பந்தியம்மாளே வந்து விளக்கு பூசைக்குத் தலைமை தாங்கச் சொன்னாள். கோகிலவாணி குங்குமத்தை எடுத்து எல்லோருக்கும் கொடுத்தாள். உள்ளங்கையில் மட்டை பிடித்த காய்ப்பு. "எவ்வளவு மணியடிச்சிருப்பீங்க!" என்று சம்பந்தியம்மாள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஒன்று மட்டும் அவளுக்கு ஆச்சரியம். சென்னியப்பன் ஒரு தடவைகூடச் சந்தேகப்படவில்லை. எதைச் சொன்னாலும் ஒரு மூச்சு நேரம், பிறகு "செரி அம்மிணி." அவரே நாளுக்குப் பத்துத் தரம் கூப்பிட ஆரம்பித்தார். "எங்கிருக்கற?" கம்பெனியின் இரும்பு வார்க்கும் ஃபவுண்டரியில் இருந்து பேசுவதாகச் சொல்வார். பின்னால் மயில் அகவும். ஃபவுண்டரிக்குள் மயில் எப்படி வந்தது என்று கேட்க அவளுக்கு நேரமிருக்காது. காலடியில் பந்து காத்திருக்கும்.

அவர் ஆட்டமும் தேறிவந்தது. மாலையில் விசிலடித்துக்கொண்டே வருவார். "இன்னிக்கு மூணு அடி நேரா போச்சு அம்மிணி" என்பார். அவளும் "அப்படீங்களா" என்று சோறு போடுவாள். தனக்குப் பதினோரு அடி நேராகப் போனதைச் சொல்ல நாக்குத் துடிக்கும். உலகத்திலேயே அதைச் சொன்னால் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் எதிரில் உட்கார்ந்து ரசம் கேட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் சொன்னால் அந்த அடி இனி வராது. சட்டையின் விலை என்ன என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. கழுவித் துடைத்த பாத்திரங்களுக்கு நடுவில் சில நாள் அவள் சும்மா நின்றுகொண்டிருப்பாள்.

மார்கழியில் நொய்யல்கரை கிளப்பின் ஆண்டுப் போட்டி வந்தது. பெண்கள் கோப்பைக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். "இந்த வருசம் நான் போகலை அம்மிணி. ஃபவுண்டரியில புது உலை பத்த வைக்கறாங்க" என்று சென்னியப்பன் சொன்னதுதான் தாமதம், கே. வாணி என்று பெயர் கொடுத்துவிட்டாள். அவர் இருபது வருஷமாகச் சொல்லிச் சொல்லி அவள் மனசிலேயே படம் வரைந்திருந்த மைதானம் அது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்தக் குளத்தைத் தாண்ட வேண்டும்.

காலையில் எல்லாம் நன்றாகவே போயிற்று. பொய்களும் தீரவில்லை. முதல் குழிக்கு மாவு மில், இரண்டாவதுக்குப் பல் டாக்டர் வீட்டுக் குழந்தைக்குக் காது குத்து. நடுநடுவே அவரும் கூப்பிட்டார். ஐந்தாம் குழியில் பேசிக்கொண்டிருந்தபோது மயில் அகவியது. காதில் ஒரு தரம், வானத்தில் ஒரு தரம். ஊரெல்லாம் மயில்தானே என்று நினைத்துக்கொண்டாள்.

ஆறு குழி முடிந்தபோது அவள்தான் முன்னால் இருந்தாள். ஏழாம் குழி. எதிரே குளம். பெண்கள் அடிக்கும் மேடை கரையோரம். ஆண்கள் அடிக்கும் மேடை சற்றுப் பின்னால், காகிதப்பூப் புதருக்கு அந்தப் பக்கம். பின்னால் வரும் ஆண்கள் குழு அங்கே வந்து காத்திருப்பது பேச்சில் தெரிந்தது. தும்மல் சத்தம் கேட்டது.

"அரை நிமிஷம், மேடம்" என்றார் நடுவர்.

வீட்டுக்காரரைக் கூப்பிடக் கோகிலவாணி கம்மலைத் தொட்டாள். சின்னம்மா வீட்டில் சீர் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பதாகச் சொல்லத் தயாராக இருந்தாள். காதில் மணி அடித்தது. புதருக்குப் பின்னாலும் மணி அடித்தது. கம்பெனிச் சங்கு மாதிரி ஊளையிடும் அந்த மணி, உலகத்தில் ஒருத்தரிடம்தான் உண்டு.

திரும்பினாள். காகிதப்பூ இடுக்கில் நீலத் தொப்பி. தொப்பிக்குக் கீழே, ஃபோனைக் காதில் வைத்தபடி, சென்னியப்பன். மேல்சட்டைக்கு வெளியே பிடிசட்டையின் கழுத்து எட்டிப் பார்த்தது. அவரும் இவளைப் பார்த்தார். இருவருக்கும் நடுவில் பத்தடி கூட இல்லை.

போச்சு என்று நினைத்தாள். மட்டை பரணுக்குப் போகப் போகிறது. நொண்டி விசிறிக்குக் கீழே ஒரு நாற்காலி. கோப்பை, குளம், எல்லாம் அவளுக்கு மறந்துவிட்டது. ஓடிப்போய் என்னமோ சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் அவர் ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அவளை நேராகப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அம்மிணி, எங்கிருக்கற?"

நெஞ்சு இதுவரை பிடிக்காத பிடி பிடித்தது. சின்னம்மா வீடு மறந்துபோயிற்று. வாயில் வந்து விழுந்தது பழைய பொய்தான்.

"கோயில்ல இருக்கறனுங்க."

ஒரு மூச்சு நேரம். நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். சென்னியப்பனின் மீசை கொஞ்சம் ஆடியது.

"செரி அம்மிணி." காதில் ஒரு தரம், புதருக்குப் பின்னால் ஒரு தரம். "எனக்கும் சேத்துக் கும்புட்டுக்க."

தொண்டை இறங்கியது. தோள் இறங்கியது. சட்டை அவளைப் பிடித்துக்கொண்டது. பந்து குளத்தின் மேலே எழும்பி, தண்ணீரில் தன் நிழலையும் கூட்டிக்கொண்டு போய், அக்கரையில் கொடிக்குக் கீழே இறங்கியது.

அக்கரைக்கு நடந்து போகும்போதுதான் அந்த நாள் நினைவுக்கு வந்தது. கடைசித் தடுப்பில் இன்னொருத்தர். ஒரு முழம் தள்ளி விழுந்த இன்னொரு பந்து. செத்தாலும் சட்டை போடமாட்டேன் என்றவர், யாருக்கும் தெரியாத திடலாகத் தேடி வந்திருக்கிறார். அங்கே பெண்டாட்டியைப் பார்த்திருக்கிறார். பார்த்துக்கொண்டேதான் எங்கிருக்கிறாய் என்று கேட்டிருக்கிறார். பார்த்துக்கொண்டேதான் செரி என்றிருக்கிறார். அந்த நொடியில் அவருக்கும் பதிந்துவிட்டது. நாளுக்குப் பத்துத் தரம் கூப்பிட்டதும் அதற்காகத்தான்.

அப்படியென்றால் கீரை, காது குத்து, பெரியம்மாள் எல்லாம்? அத்தனை செரியும்? ஆப்பிள் கூடை வேறு!

குளக்கரையில் சட்டைகளைச் சோதிக்க நின்றிருந்த நிலோஃபர், இவள் முகத்தைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கினாள். "கம்பெனி ரூலுங்க்கா. பக்கத்துத் தடுப்புல யாருன்னு நாங்க சொல்லக்கூடாது. நீங்களும் அவருகிட்டக் கேட்டுறாதீங்க. வாய் விட்டுப் பேசிட்டீங்கன்னா ரெண்டு சட்டையும் துணி ஆயிரும்."

கம்மல் ஒலித்தது. எதிர்க்கரையில் நீலத் தொப்பி, மேடையில் தனியாக நின்றது. இருபது வருஷத்துக் குளம் அதற்கு முன்னால் பளபளத்தது.

"அம்மிணி, பூசை முடிஞ்சுதா?"

அந்தக் குரலில் நடுக்கம் இருந்தது. இவ்வளவு நாளும் தன் தொண்டையைத்தான் கவனித்தாளே தவிர அவருடையதைக் கவனித்ததில்லை. கோகிலவாணி புல்லில் நிமிர்ந்து நின்று, தன் வாழ்நாளிலேயே சிறந்த பொய்யைச் சொன்னாள்.

"முடிஞ்சுதுங்க. பிரசாதத்துக்கு வரிசையில நிக்கறன். ஒரே கூட்டம். ஐயரு இன்னும் பொங்கலையே எறக்கலை. எனக்கு முன்னால ஒரு அம்மா மூணு தூக்குப்போசி வெச்சுட்டு நிக்குது."

"மூணா?"

"மூணுங்க."

"செரி அம்மிணி."

பந்து வந்தது. குளத்தின் நடுவில் கொஞ்சம் தாழ்ந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கரையின் ஓரக்கல்லை உரசி, ஒரு குதி குதித்து, புல்லில் உருண்டு அவள் காலடிக்குப் பக்கத்தில் வந்து நின்றது. புதருக்குப் பின்னால் ஆடிட்டர், வக்கீல், கிரானைட் முதலாளி எல்லோரும் ஊளையிட்டார்கள். நீலத் தொப்பி மட்டும் அசையவில்லை. பிறகு மெல்லத் தலையிலிருந்து இறங்கி, நெஞ்சுக்கு வந்து, அங்கேயே நின்றது.

சாயங்காலம் அவள்தான் முதலில் வீட்டுக்கு வந்தாள். பெண்கள் கோப்பையை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை. பூசையறையில் வைத்து, தண்ணீர் ஊற்றி, ஒரு துளசிக் கொத்தைப் போட்டுவிட்டாள். சென்னியப்பன் வந்தார். கைகால் கழுவினார். பூசையறையை எட்டிப் பார்த்தார்.

"புதுச் செம்பா?"

"கோயில்ல குடுத்தாங்க."

"செரி அம்மிணி" என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து சின்னதாக ஒரு கோப்பையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். ஏழாம் குழிக்கென்று தனியாகக் கொடுக்கும் கோப்பை. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "உன்ற கோயில்ல பெரிய செம்பாத்தான் குடுப்பாங்களாட்ட இருக்குது."

கோகிலவாணி அவர் முகத்தைப் பார்த்தாள். பரணின் சாயல் அதில் எங்கேயும் இல்லை. "இதெங்க குடுத்தாங்க?" என்று கேட்டாள்.

"ஃபவுண்டரியில." சொல்லிவிட்டு அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவள் வேண்டுமென்றே ஒரு மூச்சு நேரம் காத்திருந்தாள்.

"செரிங்க" என்றாள்.

அவருடைய தோள் இரண்டும் மெல்ல இறங்கியதை அவள் பார்த்தாள். சாப்பாட்டு மேசையில் தட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர், ரசத்தை ஊற்றிக்கொண்டே, அவளைப் பார்க்காமல் கேட்டார்.

"இன்னிக்குத் தேரோட்டம் எப்படி இருந்துச்சு?"

கோகிலவாணி கரண்டியைக் கீழே வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள். முதல் குழியைத் தேர் கிளம்பிய இடமாக்கிச் சொல்ல ஆரம்பித்தாள். ரசம் ஆறிக்கொண்டிருந்தது. தேர் எந்த முக்கில் கொஞ்சம் வலப்பக்கம் இழுத்தது, காற்று எந்தப் பக்கம் அடித்தது, குளத்தருகே வடத்தை எப்போது விட்டாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே நொண்டி விசிறி தடக் தடக்கென்று சுற்றியது.